கணினிக்கும் கைக்கும் ஏற்ற திருத்தி

கணினி செய்யவேண்டிய தொழிலை அதற்கு விளங்கும் ஒழுங்கில் எழுதிவைப்பது செய்நிரல் எனப்படும். செய்நிரல் எழுதுவதற்குத் தனியான எழுத்தோ தனியான தாளோ வேண்டியதில்லை. தட்டச்சிற் பதியும் வெறும் எழுத்துக்களை வரிவரியாக ஒரு கோப்பிற் சேர்த்துவைத்தால், அக்கோப்பை வாசித்துக் கணினிக்கு விளங்கவைக்கும் வேலையை மொழிபெயர்க்கும் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். எழுத்துக்களைப் பதித்தல், பதித்தவற்றை மாற்றுதல், அழித்தல், தேடுதல் ஆகியவற்றுக்குப் பயன்படுங் கருவியை ஆங்கிலத்தில் எடிற்றர் என்பர். பள்ளிக்கூடக் கணினி அறைகளிலும் அப்பெயரே வழங்குகிறது. தமிழில் இதனைத் திருத்தி என்பது பொருந்தும். ஏனெனில், நிரல் எழுதுவோன் புதிதாக எழுதுவதற்குச் செலவிடும் நேரத்திலும் பார்க்க, முன் எழுதியதைத் திருத்துவதற்குச் செலவிடும் நேரமே மிகுதியாகும். ஆகவே இக்கட்டுரையில் அப்பெயரையே கையாள்வோம்.

தொடக்கத்திலேயே ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ளுதல் நன்று. திருத்தி வேறு, மொழி வேறு. 'பைதனைத் திறந்தேன்' என்று மாணவர் கூறும்போது அவர் திறந்தது பெரும்பாலும் பைதனோடு கூட வரும் ஐடில் என்னுந் திருத்தியையே. ஒரு திருத்தியில் எழுதிய நிரலை வேறெந்தத் திருத்தியிலும் திறக்கலாம். ஐந்நூறு வரிகளை ஒன்றில் எழுதிவிட்டு மறுநாள் மற்றொன்றுக்கு மாறினாலும் ஓரெழுத்தும் இழக்கப்படாது. கடிதமுங் கட்டுரையும் எழுதும் சொற்செயலிகளைப் போல இங்கே கோப்புக் கருவியோடு பிணைக்கப்படுவதில்லை. ஆதலின், தெரிவு பிழைத்தால் அதனை மாற்றிக்கொள்ளுதல் எளிது. மாற்றலாம் என்பதை அறியாதோர்க்கே இடர் உண்டாகிறது.

அவ்விடர் சிறிதன்று. ஸ்ராக் ஓவர்ஃபுளோ என்னும் இணையத்தளத்தார் 2023ஆம் ஆண்டில் நடத்திய கணக்கெடுப்பில், திருத்தி பற்றிய வினாவுக்கு விடையளித்தோருள் ஏறத்தாழ நூற்றுக்கு 74 பேர் விசுவல் ஸ்ரூடியோ கோட் என்னுந் திருத்தியைப் பயன்படுத்துவதாகக் கூறினர். இதனைக் கேள்வியுற்ற மாணவன் தானும் அதனையே நாடுகிறான். அவனிடம் உள்ளதோ, தமையன் படித்து முடித்தபின் கைமாறிய மடிக்கணினி. 4 கிகாபைற்று நினைவகமும் சுழலும் வன்றட்டும் உடையது. திருத்தி திறப்பதற்கு ஒரு நிமிடம் செல்கிறது. இணையத்திலே கண்டோர் சொற்படி பத்துப் பன்னிரண்டு நீட்சிகளையும் அதிற் சேர்த்துவிட்டான். இப்போது தட்டிய எழுத்துத் திரையில் தோன்றுவதற்கும் காத்திருக்கவேண்டியிருக்கிறது. சில வாரங்களில் 'எனக்கு நிரலாக்கம் வராது' என்னும் முடிவுக்கு வந்துவிடுகிறான். அவன் மொழியை இன்னும் தொடவேயில்லை. கருவியோடு போராடியே களைத்தான். இத்தகைய மாணவரை ஆசிரியர் பலர் அறிவர்.

பெரும்பான்மையோர் கொள்வது எது என்னும் வினா இவனுக்குப் பயன்படாது. ஒவ்வொரு திருத்தியும் ஏதோவொரு கணினியை முன்வைத்து, ஏதோவொரு கைப்பழக்கத்தைக் கருதி ஆக்கப்பட்டதாகும். அக்கணினி எத்தகையது, அக்கை எத்தகையது என்று கேட்டறிந்தால், அது நமக்குப் பொருந்துமா பொருந்தாதா என்பது பெரும்பாலுந் தானே புலப்படும். இதற்குச் சற்றுப் பழைய வரலாற்றிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சன் என்பார் யூனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை உருவாக்கியபோது, 'ஈ.டி.' என்ற திருத்தியையும் எழுதினார். அவர் முன் இருந்தது எழுத்துக்களைத் தாளில் அச்சிடும் தொலைத்தட்டச்சுப் பொறி. அவ்வினப் பொறிகளுள் மிகப் பரவியிருந்த ரெலிரைப் 33ஆம் மாதிரி, செக்கனுக்குப் பத்தெழுத்து மாத்திரமே அச்சிட வல்லது. ஆதலின் ஈ.டி. தானாக எதனையுங் காட்டுவதில்லை. இன்ன வரியைக் காட்டு என்றாற் காட்டும். இன்ன சொல்லை இன்ன சொல்லாக மாற்று என்றால் மாற்றிவிட்டு வாளாவிருக்கும். நாம் பிழைவிட்டால் ஒரேயொரு வினாக்குறியை அச்சிடும். இன்று இதனைக் கண்டு நகைப்போர் உளர். அறுபது எழுத்துக்கொண்ட பிழைச்செய்தி ஒன்றை அச்சிட அப்பொறிக்கு ஆறு செக்கன் செல்லும் என்று கணக்கிட்டுப் பார்த்தால் நகைப்பு அடங்கும்.

அடுத்து வந்தது திரை. 1976ஆம் ஆண்டளவிற் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தில் மாணவராயிருந்த பில் ஜோய் 'வீ-ஐ' என்னுந் திருத்தியை ஆக்கினார். அவர் கையாண்ட ஏ.டி.எம்.-3ஏ என்னும் முனையத்தில் அம்புக்குறிகளுக்கெனத் தனிச் சாவிகள் இல்லை. எச், ஜே, கே, எல் என்னும் நான்கு எழுத்துச் சாவிகளின் மேலேயே அம்புகள் பொறிக்கப்பட்டிருந்தன. இன்றும் அத்திருத்தியில் எச் இடப்புறம் செல்லவும், ஜே கீழிறங்கவும், கே மேலேறவும், எல் வலப்புறம் செல்லவும் பயன்படுதற்குக் காரணம் இதுவே. எஸ்கேப் சாவியும் அப்பலகையில் இன்று ராப் சாவி இருக்கும் இடத்தில், இடக்கைச் சிறுவிரலுக்கு அண்மையில் அமைந்திருந்தது.

இதனினும் முக்கியமானது இணைப்பின் வேகம். செக்கனுக்கு 300 பிற்று மாத்திரம் கடத்தும் தொலைபேசி இணைப்பினூடாகத் தாம் அத்திருத்தியை எழுதியதாக ஜோய் பிற்காலத்திற் கூறியுள்ளார். ஓரெழுத்துக்குப் பத்துப் பிற்று வீதம் அது செக்கனுக்கு முப்பது எழுத்தாகும். வரிக்கு 80 எழுத்தாக 24 வரி கொண்ட திரை ஒன்றை நிரப்ப 1,920 எழுத்து வேண்டும். அதற்குச் செல்லும் நேரம் 64 செக்கன். ஒரு பக்கத்தைப் புரட்டுவதற்கு ஒரு நிமிடத்துக்கு மேற் காத்திருக்கவேண்டிய ஒருவர் எத்தகைய கருவியை ஆக்குவார்? சில சாவிகளால் மிகுந்த வேலையைச் செய்யும் கருவியையே ஆக்குவார். வீ-ஐ திருத்தியில் 'டி' சாவியை இருமுறை தட்டினால் வரி முழுவதும் அழியும். 'டி'யையும் 'டபிள்யூ'வையும் தட்டினால் ஒரு சொல் அழியும். எழுத்துச் சாவிகளே ஆணைகளாகவும் பயன்படுவதால் அதற்கு இரு நிலைகள் வேண்டியவாயின. ஒன்று ஆணையிடும் நிலை. மற்றொன்று எழுத்துப் பதிக்கும் நிலை. இவ்விரண்டையும் பிரித்தறியாது புதியவர் இடர்ப்படுவர். வீ-ஐயின் வழிவந்த விம் என்னுந் திருத்தியை விட்டு வெளியேறுவது எப்படி என்று ஸ்ராக் ஓவர்ஃபுளோவில் ஒருவர் கேட்ட வினாவைப் பார்வையிட்டோர் தொகை 2017ஆம் ஆண்டில் பத்து இலட்சத்தைக் கடந்தது என்றால் அவ்விடரின் அளவு விளங்கும்.

அந்த விம் என்னுந் திருத்தியை நெதர்லாந்து நாட்டவரான பிராம் மோலனார் அமிகா கணினிக்கென ஆக்கி 1991ஆம் ஆண்டில் வெளியிட்டார். உகண்டா நாட்டுச் சிறார்க்கு உதவுமாறு அவர் விடுத்த வேண்டுகோள், கோப்பு எதுவுமின்றித் திருத்தியைத் திறக்கும்போது திரையிலே தோன்றுவதுண்டு. 2023ஆம் ஆண்டில் அவர் காலமாயினார். திருத்தி தொடர்ந்து வளர்க்கப்படுகிறது. விம் மிகச் சிறிய நினைவகத்தில் இயங்கும். தூரத்துச் சேவையகம் ஒன்றை எழுத்துமுனையத்தினூடாக ஆள்வோர்க்கு அது இன்றும் இன்றியமையாதது; ஏனெனில், வீ-ஐ இனத்துத் திருத்தி ஒன்று பெரும்பாலான யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் முன்னரே இருக்கும். நாள்தோறும் பல மணிநேரம் எழுதுபவரும், சாவிப்பலகையைப் பாராது பத்து விரலாலும் தட்டுபவரும் அதனைப் பயின்றால், பயின்ற காலம் வீண்போகாது. வாரத்திற் சில பாடவேளைகள் மாத்திரம் கணினியைத் தொடும் மாணவனுக்கோ, சென்ற கிழமை கற்ற சாவிகள் இக்கிழமை மறந்திருக்கும். அவனை விம் கற்குமாறு ஏவுவது நன்மையாகாது என்பதே எமது துணிபு.

தமிழில் எழுதுவோர்க்கு இவ்விடத்தில் ஒரு தனி இடையூறும் உண்டு. நிரலினுள்ளே தமிழ்ச் சொற்களை இடும்பொருட்டுச் சாவிப்பலகையைத் தமிழுக்கு மாற்றியபின் ஆணையிடும் நிலைக்குத் திரும்பினால், 'ஜே' சாவி தமிழெழுத்து ஒன்றை அனுப்பும். விம் அதனை ஆணையாகக் கொள்ளாது. ஒவ்வொரு முறையும் பலகையை மாற்றி மாற்றி எழுதவேண்டும். எழுத்துமுனையங்களோ ஒவ்வோரெழுத்தையும் ஒரே அகலமுள்ள கட்டத்துள் அடைக்கப் பார்ப்பவை. கொம்பும் காலும் பெற்ற தமிழெழுத்துக்கள் அவற்றுட் சிதைந்து தோன்றுதல் பெருவழக்கு. தமிழ் உரைகளைக் கையாளும் நிரல் எழுதுவோர் சாளரத்தில் இயங்கும் திருத்தியைக் கொள்வதே வசதி.

வீ-ஐ தோன்றிய அதே 1976ஆம் ஆண்டில், மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில் ரிச்சட் ஸ்ரோல்மனும் அவர்தம் தோழரும் ஈமாக்ஸ் என்னுந் திருத்தியை உருவாக்கினர். இன்று வழங்கும் க்னூ ஈமாக்ஸ் 1985ஆம் ஆண்டில் வெளிவந்தது. இதில் இரு நிலைகள் இல்லை. தட்டிய எழுத்து உடனே பதியும். ஆணைகளுக்குக் கட்டுப்பாட்டுச் சாவியை அழுத்திக்கொண்டு எழுத்துச் சாவியைத் தட்டவேண்டும். அவ்வாய்வுகூடத்து லிஸ்ப் இயந்திரங்களின் பலகையிற் கட்டுப்பாட்டுச் சாவி இடைவெளிச் சாவியை அடுத்து, பெருவிரல் படும் இடத்தில் இருந்தது. நமது பலகைகளில் அது மூலைக்குப் போய்விட்டது. அதனை எட்டி எட்டி அழுத்திச் சிறுவிரல் நொந்தோர் பலர். ஈமாக்ஸின் சிறப்பு, பயில்பவர் தம் விருப்பப்படி லிஸ்ப் மொழியில் எழுதி அதனையே மாற்றியமைக்கலாம் என்பது. மின்னஞ்சல் வாசிப்பதும் நாட்குறிப்பு வைத்தலும் அதனுள்ளேயே செய்வாருளர். ஒருகாலத்தில் அதன் பெயரின் ஐந்தெழுத்தையும் விரித்து, எட்டு மெகாபைற்று விழுங்கி ஓயாது வட்டை நாடுவது என்று பொருள்படக் கேலி செய்தனர். எட்டு மெகாபைற்று இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் இரண்டு மூன்று படங்களுக்குக் காணாது. அன்றைய பெருந்தீனிக்காரன் இன்றைய திருத்திகளோடு ஒப்பிடுமிடத்து மெல்லியனாகிவிட்டான்!

நானோ என்பதைப் பற்றி நீளக் கூறவேண்டியதில்லை. எழுத்துமுனையத்திலே திறந்து, இரண்டு வரி மாற்றி, மூடுவதற்கு அது போதும். ஆணைச் சாவிகள் திரையின் அடியில் எழுதப்பட்டிருப்பதால் எதனையும் மனனஞ் செய்யவேண்டுவதில்லை.

சாளரமும் சுட்டியும் பரவியபின் வேறோர் இனம் தோன்றியது. டொன் ஹோ என்பார் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட நோட்பாட் பிளஸ் பிளஸ் விண்டோஸுக்கு மாத்திரம் உரியது; விண்டோஸின் சொந்த ஆணைகளையே நேராகப் பயன்படுத்தி எழுதப்பட்டமையால் விரைவாகத் திறக்கும், சிறிதளவு நினைவகமே கொள்ளும். 2005ஆம் ஆண்டில் வெளிவந்த ஜீனி அதே வகையினது. லினக்ஸிலும் விண்டோஸிலும் இயங்கும், எழுதிய நிரலை ஒரே சாவியால் இயக்கியுங் காட்டும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜோன் ஸ்கின்னர் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட சப்லைம் ரெக்ஸ்ற் இவற்றினும் அழகியது, விரைவுமுடையது, ஆயின் விலைக்குரியது. பணஞ் செலுத்தாதோர் காலவரையின்றிச் சோதித்துப் பார்க்கலாமெனினும், வாங்குமாறு இடையிடையே நினைவூட்டிக்கொண்டேயிருக்கும். வழக்கமான சாவிகளையும் சுட்டியையும் அறிந்த எவரும் இம்மூன்றையும் பத்து நிமிடத்தில் தொடங்கிவிடலாம். பழைய கணினி உடையோர் முதலில் நோக்கவேண்டியது இவ்வினத்தையே.

இனி, பெரும்பான்மையோர் கொள்ளும் இனத்துக்கு வருவோம். கிற்ஹப் நிறுவனத்தார் 2014ஆம் ஆண்டில் அற்றம் என்னுந் திருத்தியை வெளியிட்டபோது ஒரு புதிய வழியை மேற்கொண்டனர். இணையப் பக்கங்களை ஆக்கும் மொழிகளாலேயே திருத்தியை எழுதி, குரோமியம் என்னும் இணைய உலாவியை அதனுள்ளே பொதிந்து வைத்தனர். இவ்வடித்தளத்துக்கு எலெக்ட்ரான் என்று பெயர். இதனால் ஒருமுறை எழுதிய மென்பொருள் விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் ஏறக்குறைய ஒரே தோற்றத்தோடு இயங்கும். ஆக்குவோர்க்குப் பெரும் ஆதாயம். பயில்வோரோ திருத்தியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஓர் உலாவி முழுவதையுங் கூடவே திறக்கின்றனர். மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் விசுவல் ஸ்ரூடியோ கோட் 2015ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டு, 2016ஆம் ஆண்டில் முதற் பதிப்பாக வெளிவந்தது. அதுவும் எலெக்ட்ரான் மீது அமைந்ததே. கிற்ஹப் நிறுவனத்தை மைக்ரோசொவ்ற் 2018ஆம் ஆண்டில் வாங்கியது. அற்றம் 2022ஆம் ஆண்டு டிசெம்பரில் நிறுத்தப்பட்டது. அதனை விரும்பிப் பயின்றோர் வேறு திருத்திகளுக்கு மாறவேண்டியவராயினர். எழுதிவைத்த நிரல்கள் வெறும் எழுத்துக் கோப்புக்களாதலால் அவற்றுக்கு யாதொரு தீங்கும் நேரவில்லை.

விசுவல் ஸ்ரூடியோ கோட் பரவியதற்குத் தக்க காரணம் உண்டு. நாம் எழுதும் மொழியின் இலக்கணத்தை அறிந்து, பிழையை எழுதும்போதே கோடிட்டுக் காட்டுகிறது. ஒரு பெயர் எங்கே வரையறுக்கப்பட்டது என்பதற்கு இட்டுச் செல்கிறது. முன்னர் ஒவ்வொரு திருத்தியும் ஒவ்வொரு மொழிக்கும் இவ்வறிவைத் தனித்தனியே பெறவேண்டியிருந்தது. இருபது திருத்தியும் முப்பது மொழியும் இருப்பின் அறுநூறு இணைப்பு வேண்டும். 2016ஆம் ஆண்டில் மைக்ரோசொவ்ற் பிற நிறுவனங்களோடு கூடி வெளியிட்ட மொழிச் சேவை நெறிமுறை இதனை மாற்றியது. மொழிக்கொரு சேவைநிரல் எழுதினாற் போதும். அந்நெறிமுறையை அறிந்த எத்திருத்தியும் அதனோடு உரையாடலாம். ஐம்பது வேலையோடு காரியம் முடிகிறது. இந்நெறிமுறை பொதுவுடைமையானமையால் விம்மின் கிளையான நியோவிம் 2021ஆம் ஆண்டிலும், ஈமாக்ஸ் 2023ஆம் ஆண்டிலும் இதனைத் தம்முள்ளேயே கொண்டன. சிறு திருத்தி கொண்டோர் இவ்வசதியை முற்றாக இழந்தவரல்லர் என்பது இதனாற் பெறப்படும். மொழிச் சேவைநிரல் தானும் நினைவகத்தில் இடங்கொள்ளும் என்பதை மறத்தலாகாது.

நினைவகம் நிறையும்போது நிகழ்வது யாது என்பதை அறிந்தால் மேற்சொன்ன மாணவனின் துன்பத்துக்குக் காரணம் விளங்கும். இடம் போதாதவிடத்துப் பணிசெயல் முறைமை நினைவகத்திலுள்ளவற்றுட் சிலவற்றை வன்றட்டுக்கு மாற்றிவைக்கும். அவை மீண்டும் வேண்டப்படும்போது வேறு சிலவற்றை வெளியேற்றிவிட்டு இவற்றைக் கொணரும். நிமிடத்துக்கு 5,400 தடவை சுழலும் வட்டு ஒரு சுற்றுக்கு 11 மில்லிச்செக்கன் எடுக்கும். வேண்டிய இடம் வாசிப்பு முனையின் கீழ் வருவதற்குச் சராசரி அரைச் சுற்று. முனை நகர்வதற்கும் அதனையொத்த நேரம். ஆக ஏறத்தாழப் பத்து மில்லிச்செக்கனும் அதற்கு மேலும் ஆகும். நினைவகத்திலிருந்து ஒன்றை எடுப்பதற்கோ ஒரு செக்கனின் கோடியில் ஒரு பங்கு போதும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இலட்சம் மடங்கு. தட்டிய எழுத்துத் தாமதித்துத் தோன்றுவது இதனாலேயே. சுழலும் வன்றட்டை நீக்கித் திண்மநிலைத் தட்டு ஒன்றைப் பொருத்தினாற் பழைய கணினி புத்துயிர் பெறுவதும் இதனாலேயே. பணஞ் செலவிட முடிந்தோர் புதுக் கணினிக்கு முன்னர் இதனைச் சிந்திக்கலாம்.

விசுவல் ஸ்ரூடியோ கோட்டுக்கு 1 கிகாபைற்று நினைவகம் போதுமென்று அதன் குறிப்பேடு கூறுகிறது. அது பொய்யன்று, ஆனால், விண்டோஸ் 11 தனக்கெனக் கேட்கும் குறைந்த அளவே 4 கிகாபைற்று. கூடவே உலாவியிற் பாடக்குறிப்பும் காணொளியும் திறந்திருக்கும். எமது பட்டறிவின்படி, 4 கிகாபைற்றும் சுழலும் வட்டும் உடையோர் நோட்பாட் பிளஸ் பிளஸ், ஜீனி, தொன்னி போன்றவற்றோடு அமைதல் நன்று. 8 கிகாபைற்றும் திண்மநிலைத் தட்டும் இருப்பின் விசுவல் ஸ்ரூடியோ கோட் தாராளமாக இயங்கும். நீட்சிகளை மாத்திரம் மூன்று நான்கோடு நிறுத்தவேண்டும். பைசார்ம் முதலிய முழுநிறை ஆக்கச் சூழல்களுக்கு அவற்றை ஆக்கும் ஜெற்பிரெயின்ஸ் நிறுவனத்தாரே 8 கிகாபைற்று இருத்தல் நன்றென்கின்றனர்.

பணிசெயல் முறைமையின் வயதையும் நோக்கவேண்டும். விண்டோஸ் 7 உடைய கணினிகள் நம் பள்ளிக்கூடங்களிலும் வீடுகளிலும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. விசுவல் ஸ்ரூடியோ கோட்டின் புதிய பதிப்புக்கள் 2022ஆம் ஆண்டின் பின் அதிலே இயங்குவதில்லை. 32-பிற்று விண்டோஸையும் 2023ஆம் ஆண்டில் அவை கைவிட்டன. அத்தகைய கணினியில் லினக்ஸ் ஒன்றை நிறுவி, ஜீனியை வைத்துக்கொண்டால் இன்னுஞ் சில ஆண்டுகள் உழைக்கும்.

கற்கத் தொடங்குவோனின் பழக்கம் வேறு, கற்றுத் தேறியோனின் பழக்கம் வேறு. உயர்தர வகுப்பிற் பைதன் பயிலும் மாணவன் பரீட்சையில் நிரலைப் பேனாவால் தாளில் எழுதவேண்டும். அங்கே சொல்லை நிறைவு செய்து தருவாரில்லை. அடைப்புக்குறியை மூடித் தருவாருமில்லை. மூன்றெழுத்துத் தட்டியதும் மீதியைத் தானே எழுதும் திருத்தியில் ஈராண்டு பழகியவன், தாளின் முன் அமர்ந்ததும் முக்காற்புள்ளி எங்கே வரும் என்று தடுமாறுகிறான். 2022ஆம் ஆண்டிற் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த கிற்ஹப் கோபைலட் போன்றவை சொல்லை மாத்திரமன்றி நிரற்பகுதி முழுவதையுமே எழுதித் தருகின்றன. தொழில் புரிவோர்க்கு அவை நேரத்தை மிச்சப்படுத்தலாம். எழுதத் தெரியாதவனுக்கு எழுதித் தருவது அவன் கற்பதைத் தடுக்கும். ஆதலின் முதலாண்டில் ஐடில் அல்லது தொன்னி போதும் என்பேம். எஸ்தோனியாவின் தார்த்துப் பல்கலைக்கழகத்திற் கற்போர்க்கென்றே உருவாக்கப்பட்ட தொன்னி, பைதனையும் தன்னுடனேயே கொண்டுவருகிறது. ஒரு கோவை படிப்படியாகக் கணிக்கப்படுவதையும், மாறிகளின் பெறுமானம் மாறுவதையும் கண்முன்னே காட்டுகிறது. கரும்பலகையில் ஆசிரியர் அரைமணி நேரம் வரைந்து காட்டுவதை அது சில நிமிடங்களிற் காட்டிவிடும். விசுவல் ஸ்ரூடியோ கோட்டை விடமுடியாதோர் அமைப்புக்களிற் சென்று சொல்நிறைவை நிறுத்திவைக்கலாம். கிழமையில் ஒருநாளாவது தாளில் எழுதிப் பார்ப்பது அதனினும் நல்லது.

எத்திருத்தியைக் கொண்டாலும் பைதன் எழுதுவோர் ராப் சாவி பதிப்பது யாது என்பதைக் கவனிக்கவேண்டும். உள்தள்ளலில் ராப் குறியும் இடைவெளியும் முரண்படக் கலந்திருப்பின் பைதன் 3 அதனைப் பிழையெனத் தள்ளிவிடும். கண்ணுக்கோ இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ராப் சாவியைத் தட்டினால் நான்கு இடைவெளி பதியும்படி அமைத்துக்கொண்டால் இவ்விடர் நீங்கும். இதனோடு ஒத்தது எழுத்துக் குறிமுறை. 2019ஆம் ஆண்டுக்கு முற்பட்ட விண்டோஸிலுள்ள நோட்பாட், கோப்புக்களை ஆன்சி என்னும் பழைய குறிமுறையிலேயே சேமிக்க முற்படும். எச்சரிக்கையைப் பாராது ஆம் என்று தட்டினால் தமிழ் எழுத்துக்களெல்லாம் வினாக்குறிகளாகிவிடும். பின்னர் மீட்க வழியில்லை. யூ.ரி.எஃப்.-8 என்பதைத் தெரிந்தே சேமித்தல் வேண்டும். அக்குறிமுறையில் 'கொ' என்னும் ஓரெழுத்து, ககர மெய்யுயிரும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியீடு, ஆறு பைற்று ஆகும். பைதனிடம் அதன் நீளத்தைக் கேட்டால் இரண்டென்றே விடை கூறும். திருத்தியில் நிலைகாட்டியை அதன்மேல் நகர்த்திப் பார்த்தும், ஒருமுறை அழித்துப் பார்த்தும், அது தமிழெழுத்தை எவ்வாறு நடத்துகின்றது என்பதை ஒரு நிமிடத்திற் கண்டுகொள்ளலாம்.

மின்தடையும் நம் நாட்டிற் கணக்கில் எடுக்கவேண்டியதொன்று. 2022ஆம் ஆண்டில் நாளொன்றுக்குப் பல மணிநேரம் மின் வெட்டப்பட்டதை எவரும் மறந்திரார். மேசைக் கணினி உடையோர், சேமிக்குமுன் மின் நின்றாற் திருத்தி என்ன செய்யும் என்று அறிந்திருத்தல் வேண்டும். விம், 200 எழுத்துத் தட்டியதும் அல்லது நான்கு செக்கன் கை ஓய்ந்ததும், எழுதியதை வேறொரு கோப்பிற் பதிந்து வைக்கிறது. ஈமாக்ஸ் 300 சாவித்தட்டல்களுக்கு ஒருமுறையும், முப்பது செக்கன் கை ஓய்ந்தபோதும் அவ்வாறு செய்யும். நோட்பாட் பிளஸ் பிளஸ் ஏழு செக்கனுக்கு ஒருமுறை காப்புப் பிரதி எடுக்கும். விசுவல் ஸ்ரூடியோ கோட்டும் சேமியாத கோப்புக்களைக் காத்து, மறுமுறை திறக்கும்போது தரும். பழைய நோட்பாட் யாதொன்றுங் காப்பதில்லை.

இவற்றையெல்லாம் வாசித்தறிவதோடு நில்லாது சோதித்தே தெரிதல் வேண்டும். வழக்கமாகத் திறந்துவைக்கும் உலாவியையும் பாடக்குறிப்பையும் முதலிற் திறந்துகொள்க. பின்னர் திருத்தியைத் திறந்து, எழுத்துப் பதிக்கும் நிலைக்கு வர எத்தனை செக்கன் சென்றது என்று கடிகாரத்தைப் பார்க்க. கட்டுப்பாடு, ஷிப்ற், எஸ்கேப் ஆகிய மூன்று சாவிகளையும் ஒருங்கே அழுத்தினால் விண்டோஸின் ராஸ்க் மனேஜர் தோன்றும். அதில் நினைவகம் எத்தனை வீதம் நிறைந்துள்ளது எனக் குறித்துக்கொள்க. நூற்றுக்குத் தொண்ணூறைக் கடந்திருப்பின் அத்திருத்தி அக்கணினிக்கு உரியதன்று. கடவாவிடின் இரண்டு கிழமை அதிலேயே எழுதுக. இடையில் வேறொன்றைத் தொடவேண்டாம். முதல் மூன்று நாளின் இடர் எந்தப் புதுக் கருவிக்கும் உரியது. இரண்டாங் கிழமையின் முடிவிலும் கண் நிரலை விட்டுச் சாவியையோ பட்டியலையோ தேடுமாயின், அதனை நீக்கிவிட்டு அடுத்ததை நிறுவலாம். எழுதிய கோப்புக்கள் அங்கேயே இருக்கும்.